கரை பழுது பார்க்கப்பட்டது

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அவளும் சுகம். நீ, அத்தான், சின்னவள் மூவரும் சுகம்தானே? அத்தானுக்கு முதுகுவலி விட்டதா, இல்லை அதையே சாக்கு வைத்து இன்னும் படுத்திருக்கிறாரா?

நல்ல சேதியை முதலில் சொல்கிறேன். அவள் வாயும் வயிறுமாக இருக்கிறாள். நாலு மாதம். உன்னிடம் சொல்ல ஒரு மாதமாக வாய் துறுதுறுத்தது, அவள்தான் பொறுக்கச் சொன்னாள்.

வேலை எப்படி என்று கேட்டிருந்தாய். நம் சட்டமன்ற உறுப்பினரின் தலைநகர் அலுவலகம் என்றதும் மாளிகை என்று நினைத்துவிடாதே. இரண்டே அறை. முன்னறையில் மனு கொடுக்க வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. உள்ளறையில் உறுப்பினரின் பி.ஏ., அவர் மேசையில் ஒரு டெலிபோன், டெலிபோனுக்கு ஒரு பூட்டு. ஜன்னலோரம் கோப்புக் கட்டுகளுக்கு நடுவில் நான். உங்கள் வீடுகளுக்கு மாதாமாதம் 'உங்கள் வாசலில்' என்று நாலு பக்கச் செய்தி மடல் வருகிறதே, அதை இனி எழுதுவது உன் தம்பிதான். எந்தத் தெருவில் விளக்குப் போட்டார்கள், எந்தப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டினார்கள், அடுத்த குறைகேட்புக் கூட்டம் எங்கே, எல்லாம் என் கையால்தான்.

முதல் நாளே பி.ஏ. ஒரு பாடம் நடத்தினார். மடல் பத்தாம் தேதி அச்சுக்குப் போகிறது. வீடுகளுக்கு வந்து சேர மூன்று வாரம் ஆகிறது. அதனால் அந்த மூன்று வாரத்துக்குள் நடக்கப்போகிற வேலைகளையும் நடந்து முடிந்ததாகவே எழுத வேண்டுமாம். "செய்வோம்னு எழுதினா ஜனங்க சிரிப்பாங்க தம்பி. அவங்க படிக்கிறப்போ வேலை முடிஞ்சிருக்கும். முடிஞ்சதுன்னே போடுங்க" என்றார். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. போன மாதம் அப்படிப் போட்ட ஏழு தெருவிளக்கும் இப்போது எரிகின்றன.

உங்கள் தெருவின் மனுவும் வந்து சேர்ந்தது. ஏரிக்கரைக் கசிவு பற்றிய கோப்பு இன்ஜினியர் மேசைக்குப் போய்விட்டது. கவலைப்படாதே.

உன் பதிலை எதிர்பார்க்கும்
தம்பி


ஜூன் 12

பயந்தாங்கொள்ளித் தம்பிக்கு அக்கா எழுதுவது,

இங்கே எல்லாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அத்தான் முதுகு சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சரியாகிவிடுகிறது. நாலு மாதத்துச் சேதியை ஒரு மாதம் மூடி வைத்தாயா? உன் வயிற்றில் எதுவும் தங்காதே, எப்படித் தங்கியது? அவளைப் பாரம் தூக்க விடாதே. வாந்தி வந்தாலும் ஏதாவது சாப்பிடச் சொல்.

"கவலைப்படாதே" என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். நீ வந்து இரண்டு நாள் இருந்து பார், தெரியும். நாங்கள் அறுபத்திரண்டு வீட்டுக்காரர்களும் கரைக்குக் கீழேதான் படுத்து எழுகிறோம். ஏரி எங்கள் கூரையைவிட உயரத்தில் நிற்கிறது. போன வருஷம் கசிவு வந்து, இருபது நாள் பள்ளிக்கூடத் தரையில் படுத்தோமே, அதற்குப் பிறகு கரையைச் சுற்றி வேலி அடித்து, கேட் போட்டு, ஒரு காவலாளியை உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான் வேலை. உள்ளே கசிவு என்ன கதியில் இருக்கிறது என்று பார்க்கக்கூட விடுவதில்லை. வேலிக்கு அடியிலிருந்து எங்கள் வீட்டுப் பின்பக்கம் வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. மழையில்லாத நாளிலும் வருகிறது.

பதினொரு குடும்பம் கிளம்பிப் போய் மேட்டில் பழைய நூல் ஆலையின் கிடங்கில் தங்கியிருக்கிறார்கள். கதவு இல்லை, தண்ணீர் இல்லை, குழந்தைகளுக்கு ஓயாத இருமல். மற்றவர்களும் மழைக்கு முன்னால் போய்விடலாமா என்று என் தையல் கடையில் வந்து கேட்கிறார்கள். என்னை ஏன் கேட்கிறார்கள் தெரியுமா? மெஷின்காரக்காவின் தம்பி பெரிய இடத்தில் இருக்கிறான், அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று.

ஆகவே ஒன்று சொல்கிறேன், காதில் போட்டுக்கொள். மற்றவர்கள் எழுதினால் நான் நம்ப மாட்டேன். நீ எழுதினால் நம்புவேன். கரை சரியானால் சரியானது என்று எழுது. இல்லாவிட்டால் இல்லை என்று எழுது. நாங்கள் அதற்குத் தக்கபடி மூட்டை கட்டுகிறோம்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். அவளுக்கு வாந்தி நின்றுவிட்டது. அங்கே எல்லாரும் எப்படி?

அவசரமாக எழுதுகிறேன். நாளைக்கு மடல் அச்சுக்குப் போகிறது. உங்கள் ஏரிக்கரை முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், படத்தோடு வருகிறது! ஜூலை முடிவதற்குள் வேலை முடியும் என்று இன்ஜினியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். உன் மனுவால்தான் நடந்தது என்று பி.ஏ.விடம் பெருமையாகச் சொன்னேன். கிடங்கில் இருப்பவர்களிடம் தைரியமாக இருக்கச் சொல்.

தம்பி


ஆகஸ்ட் 4

என் ராசா தம்பிக்கு,

நலம், நலம், எல்லாரும் நலம். அவள் வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டதா? சின்னவள் இப்போதே தனக்குத் தம்பிப் பாப்பா வரப்போகிறது என்று தெருவெல்லாம் பறை சாற்றிவிட்டாள்.

மடல் வந்தது. "ஏரிக்கரை முழுமையாகப் பழுது பார்க்கப்பட்டது. கரையோர மக்கள் இனி அச்சமின்றி வாழலாம்." குழாயடியில் நின்று சத்தமாக வாசித்தேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். "இது யார் எழுதினது தெரியுமா, என் தம்பி" என்று எல்லாரிடமும் சொல்லிக் காட்டினேன், போ. நம்ப முடியாமலும் இல்லை. ஜூலையில் மூன்று நாள் கல் ஏற்றின லாரிகள் எங்கள் தெரு வழியாகத்தான் மேலே போயின. மடலைக் கடைக் கதவில் பசை போட்டு ஒட்டிவிட்டேன்.

கிடங்குக்குப் போன பதினொரு குடும்பமும் திரும்பி வந்துவிட்டார்கள். கொத்தனாரும் அவர் மனைவியும்தான் தயங்கினார்கள். அவர் சுவர் எழுப்புகிறவர் இல்லையா, கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டார். நான்தான் போய், "என் தம்பி பொய் எழுத மாட்டான், மூட்டையை எடுங்க" என்று கூட்டிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் குறைகேட்புக் கூட்டம். உறுப்பினரே வந்தார். பந்தல், நாற்காலி, மனு வாங்க மூன்று மேசை, ஆளுக்கு ஒரு தண்ணீர்ப் பாட்டில். கொத்தனார் எழுந்து, கரையைப் பார்க்க ஒரு நாள் கேட்டைத் திறந்துவிடச் சொன்னார். உறுப்பினர் சிரித்துக்கொண்டே, புது மண் இறுகும்வரை ஆள் நடமாடக் கூடாது என்று இன்ஜினியர் சொல்லியிருப்பதாகச் சொன்னார். எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

உன்னால் எங்களுக்கு நிம்மதி. நன்றாக இரு.
அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். அங்கே மழை உண்டா? எவ்வளவு பெய்தது? விடாமல் பெய்கிறதா, விட்டு விட்டா?

ஒரு யோசனை. பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றாலும் அவளுக்குத் துணை வேண்டியிருக்கிறது. நீயும் அத்தானும் சின்னவளும் இந்த மாதக் கடைசியில் கிளம்பி வந்து நாலு மாதம் எங்களோடு இருங்கள். இடம் சின்னதுதான், சமாளித்துக்கொள்ளலாம். சின்னவளை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம், நான் விசாரித்துவிட்டேன்.

அலுவலகத்தில் வழக்கமான வேலைதான். முந்தாநாள் ஒரு கோப்பு வந்தது. ஏதோ கரை வேலைக்கு அடுத்த மார்ச் வரை கால நீட்டிப்பு கேட்டிருக்கிறார்கள். எந்தக் கரை என்று நான் சரியாகப் பார்க்கவில்லை. பி.ஏ. வாங்கி உள்ளே வைத்துவிட்டார். பெரிதாக ஒன்றுமில்லை.

கட்டாயம் வாருங்கள். ரயில் டிக்கெட் நான் எடுத்து அனுப்புகிறேன். உனக்குப் பிடித்த ஜன்னலோர இடமாகவே எடுக்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 1

தம்பிக்கு,

நாங்கள் சுகமாகத்தான் இருக்கிறோம். உன் கடிதம் படித்ததிலிருந்துதான் எனக்கு என்னவோ போல இருக்கிறது.

இரண்டு நாள் சேர்ந்தாற்போல் நான் அங்கே இருந்தால் உன் பெண்டாட்டிக்கும் எனக்கும் அடுப்படியில் சண்டை வரும் என்று நீதானே சொல்வாய்? இப்போது நாலு மாதம் வா என்கிறாய். பள்ளிக்கூடம் வரை விசாரித்து வைத்திருக்கிறாய். எனக்கு இங்கே நூற்றைம்பது சீருடை தைக்க வேண்டியிருக்கிறது. அத்தானுக்கு ஆலையில் லீவு கிடையாது. பிரசவத்துக்குப் பத்து நாள் முன்னால் நானாகவே வந்து நிற்பேன், நீ டிக்கெட் எடுக்க வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். மழை எவ்வளவு என்று மூன்று தடவை கேட்டிருக்கிறாய். கரை எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அந்தக் கோப்பு எந்தக் கரைக்கு? நீ பார்க்காமல் விடுகிற ஆளா? தெருவில் கிடக்கும் கிழிந்த காகிதத்தைக்கூட எடுத்துப் படிக்கிறவன் நீ.

இங்கே இரண்டு நல்ல மழை பெய்துவிட்டது. வாய்க்கால் தண்ணீர் முன்பு தெளிவாக வரும். நாலைந்து நாளாகச் செம்மண் கரைத்த மாதிரி கலங்கி வருகிறது. கொத்தனார் வந்து குனிந்து பார்த்தார். தண்ணீரைக் கையில் அள்ளி விரலால் தேய்த்தார். பிறகு, "கசிவு மண்ண இழுத்துக்கிட்டு வருதும்மா, உன் தம்பிகிட்ட கேளு" என்றார்.

கேட்கிறேன். கரை சரியாகிவிட்டதுதானே? ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வரி போதும்.

அவளைக் கேட்டதாகச் சொல்.
அக்கா


செப்டம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மருத்துவமனையில் அவளைப் பரிசோதித்தார்கள், குழந்தை நன்றாக இருக்கிறதாம். நவம்பர் முதல் வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். இந்த மாதம் மடலில் பக்கம் கூடிவிட்டது, மூச்சுவிட நேரமில்லை. கரை விஷயமெல்லாம் இன்ஜினியர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் எழுது. இத்துடன் மூன்று டிக்கெட் வைத்திருக்கிறேன். பதினெட்டாம் தேதிக்கு.

தம்பி


செப்டம்பர் 19

தம்பிக்கு,

நேற்று அந்த ரயில் போய்விட்டது. உன் கடிதம் இன்றுதான் வந்தது.

நீ பதில் எழுதவில்லை. நான் கேட்டது ஒரு வரி. குழந்தை, பக்கம், டிக்கெட் எல்லாம் எழுதினாய், அந்த ஒரு வரியை எழுதவில்லை. கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக எப்போதடா ஆனாய்?

எனக்குப் பயமாக இருக்கிறது. மெஷினில் உட்கார்ந்தால் கால் ஓடவில்லை. சின்னவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வாய்க்காலைப் போய்ப் பார்க்கிறேன், தைக்க வருகிறேன், மறுபடி போய்ப் பார்க்கிறேன். தெருவில் என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. கதவில் மடல் ஒட்டியிருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு அது போதும்.

மூன்று டிக்கெட் அனுப்பினாய். எனக்கு அறுபத்திரண்டு வீடு இருக்கிறது. உண்மையைச் சொல்லு.

அக்கா


செப்டம்பர் 25

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நேராகச் சொல்கிறேன்.

கரையை யாரும் தொடவில்லை. ஒரு கூடை மண்கூடப் போடவில்லை. ஜூலையில் உங்கள் தெரு வழியாகப் போன கல் லாரிகள் ஏரிக்கு மேலே கட்டுகிற விருந்தினர் விடுதிச் சாலைக்குப் போனவை. மடலில் உறுப்பினர் நிற்கிற படம் வேறு ஏரிக்கரையில் எடுத்தது. அந்தக் கால நீட்டிப்புக் கோப்பு உங்கள் கரைக்குத்தான். நான் ஜூலையில் எழுதியபோது நடந்துவிடும் என்று நம்பித்தான் எழுதினேன். அதைச் சத்தியமாகச் சொல்வேன். ஆகஸ்ட் பதினெட்டாம் தேதிக்குப் பிறகு எனக்குத் தெரியும். தெரிந்தும் ஐந்து வாரம் மென்று விழுங்கினேன்.

பி.ஏ.விடம் கேட்டேன். அடுத்த மடலில் ஒரு திருத்தம் போடலாமா என்று. அவர் கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "எழுதினது நீங்க. தப்புன்னா உங்க தப்புதான். வீட்ல பிள்ளைத்தாய்ச்சி இருக்காங்க, யோசிச்சுக்குங்க" என்றார். நாங்கள் இருக்கிற வீடு அலுவலகம் கொடுத்தது அக்கா. ஊருக்கு வந்து சொல்லலாம் என்று லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. கேட்காமல் ரயிலேறியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. இன்று காலை வெளியே போய் உங்கள் தபால் ஆபீசுக்கு டெலிபோன் போட்டேன். மழையில் லைன் அறுந்துவிட்டதாம்.

வாய்க்காலில் மண் கலங்கி வருகிறது என்றால் நாள் இல்லை. இன்றைக்கே கிளம்புங்கள். எல்லாரையும் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போ.

ஆனால் இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். வேறு ஏதாவது காரணம் சொல்லிக் கிளப்பு. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கொளுத்திவிடு. நான் என்று தெரிந்தால் வேலை மட்டும் போகாது, என்னை உள்ளே தள்ளிவிடுவார்கள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

தம்பி


அக்டோபர் 8
நூல் ஆலைக் கிடங்கு

தம்பிக்கு,

நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதை மனதில் வாங்கிக்கொண்டு மற்றதைப் படி.

உன் கடிதம் இருபத்தொன்பதாம் தேதி மதியம் வந்தது. நின்றபடியே படித்தேன். அழுகை வந்தது, உன்னை அறைய வேண்டும் போலவும் வந்தது. அழ நேரமில்லை. குழாயடிக்குப் போய் எல்லாரையும் கூப்பிட்டேன். நீ சொன்னபடி வேறு காரணம்தான் சொன்னேன். வாய்க்கால் கலங்குகிறது, மழை வலுக்கிறது, நாலு நாள் மேட்டுக்குப் போய் இருக்கலாம் என்று. ஒருத்தரும் அசையவில்லை. கிடங்கில் பட்ட அவஸ்தை அவர்களுக்கு மறக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி என் கடைக் கதவைக் கை காட்டினாள். "உன் தம்பியே எழுதியிருக்கான். நீதான் வாசிச்ச. இப்ப நீயே இல்லங்கிற. எதை நம்பச் சொல்ற?" என்றாள். சிரிக்கவும் சிரித்தார்கள்.

நான் கதவில் இருந்த மடலைக் கிழித்தேன். அதற்கும் ஒருத்தர் கோபப்பட்டார்.

கடிதம் என் ரவிக்கைக்குள் இருந்தது. உன்னை நினைத்தேன். அவளையும் நினைத்தேன். சின்னவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளைப் பார்த்தேன். எடுத்து வாசித்துவிட்டேன்டா. முதல் வரியிலிருந்து வாசித்தேன். பாதியிலும் சிலர் முகத்தில் சந்தேகம் இருந்தது. யாரிடமும் சொல்லாதே, உன் காலில் விழுகிறேன், கொளுத்திவிடு என்று எழுதியிருந்தாயே, அதையும் விடாமல் வாசித்தேன். அப்போதுதான் கொத்தனார் எழுந்தார். "மறைக்கச் சொல்றான்னா நிஜம்தான். ஏந்திரிங்க" என்றார். மடலில் நீ அழகாக எழுதியதை எல்லாரும் நம்பினார்கள். இதை நம்ப வைத்தது உன் பயம்தான்.

இருட்டுவதற்குள் அறுபத்திரண்டு வீடும் காலியானது. அத்தான் என் மெஷினை முதுகில் தூக்கிக்கொண்டு மேடேறினார், அந்த முதுகில். இரண்டாம் தேதி முற்பகல் பதினொரு மணிக்குக் கரை உடைந்தது. சத்தம் கிடங்குவரை கேட்டது. மேலே நின்று பார்த்தோம். எங்கள் தெரு இருந்த இடத்தில் ஏரி இருந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். எங்கள் தலை அங்கே இல்லை, அதுதான் மிச்சம்.

கேட் காவலாளி மட்டும் வரவில்லை. அவரையும் போய்க் கூப்பிட்டோம். இடத்தை விட்டு நகர்ந்தால் வேலை போய்விடும் என்றார். உள்ளே ஒரு வேலையும் நடக்கவில்லை என்று அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வயலில் பிணமாகக் கிடைத்தார். அவர் மனைவி கிடங்கில் எங்களோடுதான் இருக்கிறாள். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

இனி உன் விஷயம். கொத்தனார் உன் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து, நிவாரணம் கேட்டுப் போன இடத்தில் எல்லாம் கொடுத்துவிட்டார். நான் தடுக்கவில்லை. நேற்று இரண்டு போலீஸ்காரர்கள் வந்து, வதந்தி பரப்பியது யார், இதை எழுதியது யார் என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்லி அனுப்பினேன். திரும்ப வருவார்கள். நான் யோசித்துவிட்டேன். பயத்தில் நானே எழுதி, தம்பி பெயரில் வாசித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். வீடு போன பொம்பளையை என்ன செய்துவிடுவார்கள்? உனக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. உன்னைக் கேட்டால் நீயும் அப்படியே சொல்லிவிடு.

நான் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஆனால் உன்னை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

அக்கா


அக்டோபர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறீர்கள் என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. சின்னவளுக்கு ஈரத்தில் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். அத்தான் முதுகை இனிமேல் கேலி செய்ய மாட்டேன்.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டதும் மூட்டை கட்ட ஆரம்பித்தாள். அவள் அம்மா வீட்டுக்கு நாளைக்குப் போகிறாள்.

இன்று காலை பி.ஏ. என்னை உள்ளே கூப்பிட்டார். உறுப்பினரும் இருந்தார். மேசையில் என் கடிதத்தின் ஜெராக்ஸ். அதன் பக்கத்தில் ஜூலை மடல். இன்னொரு பக்கம் டைப் அடித்துத் தயாராக ஒரு தாள். அந்தக் கடிதம் என்னுடையது அல்ல, என் அக்கா எழுதி என் பெயரில் பரப்பியது, கரை வேலை நடந்ததாகவே எனக்குத் தெரியும் என்று அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. நீ உன் கடிதத்தில் எழுதியிருந்ததும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான் அக்கா. உனக்கும் பி.ஏ.வுக்கும் ஒரே யோசனை தோன்றியிருக்கிறது.

"பொம்பளை, வெள்ளத்துல பயந்துட்டா. ஒரு எச்சரிக்கையோட விட்டுடுவாங்க. நீங்க இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்" என்றார் பி.ஏ. அன்பாகத்தான் பேசினார். பேனாவின் மூடியைக்கூட அவரே கழற்றிக் கொடுத்தார். பேனாவை வாங்கிக்கொண்டேன். எனக்கு அந்தக் காவலாளியின் நினைவு வந்தது. நான் அவரைப் பார்த்ததே இல்லை.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நான்தான் எழுதினேன்" என்றேன்.

உறுப்பினர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். மேசையைக் காட்டி, "எதை?" என்று கேட்டார்.

"ரெண்டையும்தான்" என்றேன்.

சாயங்காலம் வந்து வாக்குமூலம் வாங்குவார்களாம். அதுவரை முன்னறைப் பெஞ்சில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பக்கத்தில் மனு கொடுக்க வந்த ஒரு அம்மா இருக்கிறார், இதைத் தபாலில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது அக்கா. போலீஸ் திரும்ப வந்தால் நீ எழுதியதாகச் சொல்லாதே. எழுதியவன் சொல்லிவிட்டான் என்று சொல்.

உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் எழுது.

தம்பி